வேலை வழி வம்சாவளி: தொழில் நகரத்துக் குடும்பங்களின் முன்னோரைத் தேடும் முறை

(கீழ்க்கட்டளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

குடும்ப வரலாற்றைப் பற்றிப் பேசக் கீழ்க்கட்டளை பொருத்தமான ஊர். ஏரியை நம்பியிருந்த செங்கல்பட்டுச் சீமைக் கிராமம் ஒன்று, பல்லாவரம் நகராட்சியோடு சேர்ந்து, 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. இங்கே வீடு கட்டிக் குடியிருப்போரில் மிகப் பெரும்பாலோருக்குச் சொந்த ஊர் என்று சொல்ல வேறோர் ஊர் இருக்கிறது. அந்தச் சொந்த ஊருக்கும் முந்தைய ஊர் எது, தாத்தாவின் தகப்பனார் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிலம் வைத்திருந்த குடும்பமென்றால் பத்திரம் இருக்கும். கோயிலில் முதல் மரியாதை பெற்ற குடும்பமென்றால் அதன்பேரில் ஒரு வழக்காவது நடந்து தீர்ப்பு நகல் இருக்கும். கூலி வேலைக்குப் போன குடும்பத்துக்கு என்ன இருக்கும்? ஒன்றுமிருக்காது என்பது பொதுவான எண்ணம். அது தவறு என்று காட்டவே இந்த உரை. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போன குடும்பங்களின் முன்னோரைப் பெயர் வழியாகவும் சாதி வழியாகவும் தேடினால் இரண்டு மூன்று தலைமுறையில் வழி அடைபட்டுவிடும். அவர்கள் செய்த வேலையின் வழியாகவும், கூட வேலை செய்தவர்களின் வழியாகவும் தேடினால் அதைத் தாண்டிப் போக முடியும். எனக்குத் தெரிந்த சான்றுகளை வரிசையாக வைக்கிறேன். எடைபோட வேண்டியது நீங்கள்.

முதலில் கடல் கடந்த ஓர் ஊர். தெற்கு வேல்ஸில் மெர்த்தர் டிட்வில் என்றொரு நகரம். 1759-இல் டவ்லைஸ் இரும்பாலை, 1765-இல் கவார்த்வா இரும்பாலை, அவற்றோடு பிளிமத், பெனிடாரன் என்று நான்கு பெரிய ஆலைகள் அந்த மலைப்பள்ளத்தாக்கில் எழுந்தன. இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததுதான் காரணம். ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் தண்டவாளத்தின்மேல் முதன்முதலாகப் பாரம் இழுத்து ஓடியது 1804-இல், பெனிடாரன் ஆலையின் பாதையில்தான். 1801 கணக்கெடுப்பில் 7,705 பேர் இருந்த அந்த ஊரில் 1851-இல் 46,378 பேர் இருந்தார்கள். ஐம்பது ஆண்டில் ஆறு மடங்கு. இத்தனை பேரும் அங்கேயே பிறந்தவர்களாக இருக்க முடியாது. கார்மார்தன், கார்டிகன், பெம்புரோக் மாவட்டங்களின் விவசாயக் கூலிகளும், பஞ்சத்துக்குத் தப்பிய அயர்லாந்துக்காரர்களும் வந்து குவிந்தார்கள். சாக்கடை இல்லாத, குடிநீர் இல்லாத நெருக்கடியான வீடுகள். 1849 காலராவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். இன்று உலகின் பல மூலைகளிலிருந்து அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் அந்த முன்னோரைத் தேடுகிறார்கள். பலருக்குக் கிடைக்கவும் செய்கிறார்கள். படிப்பறிவில்லாத கூலிகள் எப்படி அகப்பட்டார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

பெயரால் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். வேல்ஸின் பெயர் வழக்கம் நமக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. நிலையான குடும்பப் பெயர் அங்கே வெகுகாலம் இல்லை. தகப்பன் பெயரையே பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். ஈவன் என்பவரின் மகன் தாமஸ் ஈவன். அவருடைய மகன் ஈவன் தாமஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் சில பகுதிகளில் இது தொடர்ந்தது. பிறகு குடும்பப் பெயர் நிலைத்தபோதும் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், ஈவன்ஸ், தாமஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களுக்குள் ஊர் அடங்கிவிட்டது. ஒரே தெருவில் பத்து ஜான் ஜோன்ஸ் இருந்தால் உங்கள் ஜான் ஜோன்ஸ் யார்? நம் முனுசாமி மகன் சின்னப்பன், சின்னப்பன் மகன் முனுசாமி என்ற சுழற்சியும், மூன்றாம் தலைமுறையில் தாத்தா பெயரே பேரனுக்குத் திரும்பி வருவதும், தலைப்பெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுவதும் அதே சிக்கல்தான். ஆங்கிலேயருக்கும் செட்டிநாட்டாருக்கும் உதவும் முறைகள் சென்னை மாகாணக் கூலிக் குடும்பத்துக்கு உதவாமல் போவதற்கு இது ஒரு காரணம். வேல்ஸ்காரர்களுக்கு உதவியவை நமக்கும் உதவலாம் என்று எண்ணவும் இதுவே காரணம்.

அங்கே எது உதவியது? 1837 ஜூலை முதல் நாளிலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசு பதிந்தது. 1841 முதல் வீடு வீடாக ஆட்களின் பெயர் எழுதிய குடிக்கணக்குத் தாள்கள் பாதுகாக்கப்பட்டன. அவற்றிலும் குறை உண்டு. 1841 தாளில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரைக் கேட்கவில்லை, அதே மாவட்டமா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். 1851-இல்தான் பிறந்த பங்கின் பெயர் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள். ஆனால் மெர்த்தர் தொழிலாளரில் பெரும்பகுதியினர் அரசுத் திருச்சபையை விட்டு விலகிய சிற்றாலயங்களுக்குப் போனவர்கள். 1753 திருமணச் சட்டப்படி அவர்கள் திருமணத்துக்கு மட்டும் அரசுத் திருச்சபைக்கே வந்தாக வேண்டியிருந்தது. ஆகவே ஒரே குடும்பத்தின் திருமணம் ஓரிடத்திலும் ஞானஸ்நானம் வேறோரிடத்திலும் கிடக்கும். சட்டத்தை அறியாமல் தேடுபவருக்குப் பாதிக் குடும்பம் காணாமல் போகும். இவற்றோடு டவ்லைஸ் கம்பெனி சேர்த்து வைத்த லட்சக்கணக்கான கடிதங்கள் இன்று கிளமார்கன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இந்தக் காகிதங்களில் ஒன்றுகூடத் தொழிலாளியின் வம்சத்தைப் போற்றுவதற்காக எழுதப்பட்டதில்லை. வரிக்காக, படைக்கு ஆள் எண்ணுவதற்காக, மதக் கட்டுப்பாட்டுக்காக, கூலிக் கணக்குக்காக எழுதியவை. எழுதியவரின் நோக்கம் வேறு, தேடுபவரின் நோக்கம் வேறு. ஆனாலும் ஆள் அதில் இருக்கிறார். (அரசர்களின் வம்சாவளி போற்றுவதற்காகவே எழுதப்பட்டது. அதனால்தான் செப்பேட்டில் சூரியனிலிருந்தும் சந்திரனிலிருந்தும் தொடங்குகிறது.)

இனி நம் பக்கம். இரும்பு என்றால் நம் நினைவுக்கு வர வேண்டியது பரங்கிப்பேட்டை. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் அங்கே இரும்பாலை தொடங்கினார். மரக்கரியை நம்பிய ஆலை. காடு அழிந்ததும் கரி எட்டாக்கையானது. சில பத்தாண்டுகளில் முயற்சி அணைந்தது. மெர்த்தர் போல ஒரு நகரம் அதைச் சுற்றி உருவாகவில்லை. தமிழர்கள் பெருந்திரளாகப் போய், தலைமுறைகளாகத் தங்கி, ஒரு தொழில் நகரமாகவே ஆன இடம் கோலார் தங்கவயல். 1870-களில் லவெல் என்ற முன்னாள் படைவீரர் அங்கே தங்கம் தேட மைசூர் அரசிடம் அனுமதி பெற்றார். 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. அந்த நிறுவனத்தின் மூலவரான ஜான் டெய்லர் வடகிழக்கு வேல்ஸின் ஈயச் சுரங்கங்களை நடத்தியவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வேல்ஸிலும் கார்ன்வாலிலும் பழகிய சுரங்க நிர்வாக முறைதான் தங்கவயலின் உரிகம், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களுக்கும் வந்தது. 1891-இல் ஏழாயிரம் பேர் இருந்த தங்கவயலில் 1901-இல் 38 ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். மெர்த்தருக்கு ஐம்பது ஆண்டு ஆன வளர்ச்சி இங்கே ஏறக்குறையப் பத்தாண்டில் முடிந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டரையும் தாண்டித் தோண்டினார்கள். தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். 2001 பிப்ரவரி 28-இல் மூடல். தங்கவயலைப் பற்றிக் கன்னடத்திலும் தமிழிலும் பெரிய படங்கள் வந்துவிட்டன. தங்கவயல்காரரின் கொள்ளுத்தாத்தா யார் என்ற கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஏன் என்பதற்கு எளிய விடை, இந்தியாவில் பதிவேடுகளே இல்லை என்பது. அது முழு உண்மையில்லை. குடிக்கணக்கு விஷயத்தில் அது உண்மை: சென்னை மாகாணத்தில் 1871 முதல் கணக்கெடுத்தார்கள், ஆனால் எண்ணிக்கையைக் கூட்டி முடித்ததும் வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களை அழித்துவிட்டார்கள். 1851 மெர்த்தர் போல ஒரு தெருவைத் திறந்து பார்க்க இங்கே வழியில்லை. ஆனால் வேறு சில காகிதங்கள் இருக்கின்றன, யாருக்கு இருக்கின்றன என்பதில்தான் விஷயம். இந்தியாவிலிருந்த ஐரோப்பியரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தங்கவயலுக்கு வந்த கார்ன்வால் மேலாளரின் பேத்தி அவரைத் தேடத் தொடங்குவதற்கு ஓரிடம் உண்டு. இன்னொரு பக்கம் பாருங்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் போனது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடலில் உள்ள அடையாளம் வரை கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறது. வேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன் நேட்டாலுக்கும் தம்பி தங்கவயலுக்கும் போயிருந்தால், அண்ணனின் கொள்ளுப்பேரன் டர்பனிலிருந்து அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்; நூறு மைலுக்குள் இருக்கும் தம்பியின் கொள்ளுப்பேரன் விழிப்பார். இருவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தாம். ஒருவரைக் கடல் தாண்டி அனுப்புவதற்குச் சட்டம் பதிவைக் கேட்டது. மற்றவரை மேஸ்திரி ரயிலேற்றிக் கூட்டிப் போனதற்கு யாரும் எதையும் கேட்கவில்லை. ஆகவே பதிவு இருப்பதும் இல்லாததும் குடும்பத்தின் தகுதியைப் பொறுத்ததில்லை, வேலைக்கு ஆள் எடுத்த முறையைப் பொறுத்தது. முன்னோரைத் தேடுபவர் முதலில் படிக்க வேண்டியதும் அந்த முறையைத்தான்.

தங்கவயலில் அந்த முறை இப்படி இருந்தது. கம்பெனி தொழிலாளியை நேரடியாக அறிந்ததைவிடக் கான்ட்ராக்டரையும் மேஸ்திரியையுமே அதிகம் அறிந்திருந்தது. மேஸ்திரி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். வந்தவர்கள் தட்டிக் குடிசைகளாக இருந்த லைன்களில், பெரும்பாலும் கூட வந்தவர்களோடே தங்கினார்கள். இலங்கைத் தோட்டங்களில் கங்காணி செய்ததும் இதுவே. அங்கே கடன் கணக்கோடு ஒரு துண்டுச் சீட்டு ஆளோடு நகர்ந்தது, தோட்டத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறியது. தங்கவயல் கம்பெனிகளுக்கு வேறொரு கவலை: தங்கத் திருட்டு. யார் எந்தச் சுரங்கத்தில் எந்தக் கான்ட்ராக்டரிடம் இருக்கிறார் என்று தெரியாமல் திருட்டைத் தடுக்க முடியாது. அதனால் தொழிலாளரை மையமாகப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். 1930-இல் தங்கவயல் முழுதும் வேலையை நிறுத்தியதற்கு இந்தக் கைரேகைதான் முதன்மையான காரணம். கைரேகை என்பது குற்றவாளிகளிடம் எடுப்பது. உழைக்க வந்தவனிடம் ஏன் என்று அவர்கள் கேட்டது நியாயமானது. இன்று அந்தத் தொழிலாளியின் கொள்ளுப்பேரன் அதே பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கிறது. தன் கொள்ளுத்தாத்தா எதிர்த்து நின்ற காகிதத்தைத் தேடுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவர் எங்கே வேலை செய்தார் என்று தெரியும். அந்தப் பெயர் அதில் வரக் கூடாதென்று அவர் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார் என்பதும் அதே குடும்பத்தின் வரலாறுதான்.

சாதிப் பெயரை வைத்துத் தேடினால் என்ன, பள்ளிச் சான்றிதழிலிருந்து நிலப் பதிவேடு வரை எல்லாவற்றிலும் அதுதானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தங்கவயல் குடும்பங்களின் வகையில் இது தவறான பாதை. ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறையை எடுத்துக்கொள்வோம். கிராமக் கணக்கில் ஒரு சாதிப் பெயர். அரசு அறிக்கைகளில் பஞ்சமர். சென்னை மாகாண அரசு 1922-இல் ஏற்ற பிறகு ஆதி திராவிடர். இடையில் குடும்பத்தின் ஒரு கிளை கிறித்தவம் தழுவியிருந்தால் சாதி இல்லாமல் ஞானஸ்நானப் பெயர் மட்டும். இன்னொரு கிளை பௌத்தம் தழுவியிருக்கலாம். தங்கவயலுக்கு இது முக்கியம். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914-இல் மறைந்த பின் நின்றுபோய், 1926-இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலைதான். குடிக்கணக்கில் தங்களைப் பௌத்தர் என்று எழுதிக்கொள்ளச் சொன்ன இயக்கம் இது. இத்தனை பெயர்களுக்குள் ஒரு குடும்பம் நகர்ந்திருக்கும்போது ஒரே சாதிப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் எங்கே அகப்படுவார்கள்? மாறாமல் இருந்தது சாம்பியன் ரீஃபில் இன்ன சாஃப்டில் இன்ன வேலை என்பது. ‘தமிழன்’ போன்ற இதழ்களை இலக்கிய ஆய்வாளர்கள் கருத்துக்காகப் படிக்கிறார்கள். கூட்டத்தில் பேசியவர், நன்கொடை கொடுத்தவர், சங்கத்துக்குப் பொறுப்பேற்றவர் பெயர்களுக்காக வரிக்கு வரி படிக்கும் வேலை பெரிதாக மிச்சமிருக்கிறது. தொழிலாளியின் பெயர் அவருடைய சொந்த மக்கள் எழுதிய தாளில் வரும் அரிய இடம் அது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேலை வழியாகத் தேடினால் சுரங்க வாயில் வரை போகலாம், அதற்கு மேல் கிராமத்துக்குப் போக நிலப் பதிவேடுதானே வேண்டும் என்பது அது. நம் செங்கல்பட்டுச் சீமைக்கு அப்படிப்பட்ட ஆவணத்துக்குக் குறைவில்லை. 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்தச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்து, வீடுகள், தொழில்கள், மானியங்கள் என்று கணக்கெடுத்தார். தமிழ் ஓலைக் கணக்குகளும் அதனோடு உண்டு. வரலாற்றாய்வாளர் தரம்பால் கவனப்படுத்திய பிறகு பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அருமையான மூலம்தான். ஆனால் அதில் நிலமும் உரிமையும் உள்ளவரின் நிலை ஒன்று, சேரியில் இருந்தவர் நிலை வேறொன்று: இவர்கள் வீட்டு எண்ணிக்கையாக வருகிறார்கள், ஆளாக வருவதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும் அதைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் வந்த பின்தான் நிலமற்றவர்களில் சிலரின் பெயர் நிலக் கணக்கில் ஏறத் தொடங்கியது. தங்கவயலுக்குப் போனவர்களோ, நிலம் கிடைக்காததால் போனவர்கள். அவர்களை நிலக் கணக்கில் தேடுவது, அவர்கள் எதை இழந்து புறப்பட்டார்களோ அதிலேயே அவர்களைத் தேடுவதாகும்.

கிராமத்துக்குப் போகும் வழி பக்கவாட்டில் இருக்கிறது. மெர்த்தரில் அனுபவமுள்ளவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்: 1851 தாளில் தன் முன்னோரின் பிறந்த ஊர் தெளிவில்லாமல் இருந்தால், அதே வீட்டில் தங்கியவர்கள், அடுத்த வீட்டுக்காரர்கள், திருமணச் சாட்சிகள் எந்த ஊர் என்று பார்ப்பது. கார்டிகன்காரர் வீட்டில் கார்டிகன்காரரே குடக்கூலிக்கு இருப்பார். தங்கவயலுக்கு இதைப் பொருத்துவது கடினமில்லை. முதலில் கடைசித் தலைமுறையின் பணி ஓய்வுக் காகிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண். பி.எஃப். வாரிசு நியமனத் தாளில் மனைவி, பிள்ளைகள், தாய் என்று உறவோடு பெயர்கள் இருக்கும். வேறெங்கும் கிடைக்காத பாட்டியின் பெயர் பலமுறை அங்கேதான் கிடைக்கும். அடுத்து, பாறை வெடிப்பிலோ நுரையீரல் நோயிலோ இறந்தவருக்கு இழப்பீடு கேட்டிருந்தால் அந்த மனு. வாரிசு யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால் ஊரும் உறவும் அதில் எழுதியாக வேண்டும். பிறகு லைன் வீடு: அந்த வரிசையில் யார் யார் இருந்தார்கள், அவர்களின் சொந்த ஊர் எது? தேவாலயமென்றால் ஞானஸ்நானப் பெற்றோரின் பெயர், கல்லறை, திருமணத்துக்குப் பெண் எடுத்த ஊர். கடைசியாக மேஸ்திரி. தாத்தாவை யார் கூட்டி வந்தார் என்பது பல குடும்பங்களில் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கும் செய்தி. அந்த மேஸ்திரியின் ஊரைக் கண்டுபிடித்தால், அதற்கு ஐந்தாறு மைல் சுற்றளவுக்குள் தாத்தாவின் ஊர் இருப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு. குலதெய்வக் கோயில் எங்கே என்ற தகவலை இதற்கு மேல் வைத்துச் சரிபார்க்கலாம். குலதெய்வத்திலிருந்து தொடங்குபவர்கள் அநேகமாகத் தெய்வத்தோடு நின்றுவிடுகிறார்கள். இங்கே அது சரிபார்க்கும் கருவி, தொடக்கமில்லை.

வாய்மொழியை நம்பலாமா? பாதி நம்பலாம் என்பேன். தாது வருஷப் பஞ்சத்தில் வந்தோம் என்று சொல்லும் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. தங்கவயலில் ஆள் பெருகியதோ 1890-களில். பஞ்சத்தில் வீட்டை விட்டவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டு வேறெங்கோ ரயில்பாதை வேலையிலோ ரோடு வேலையிலோ இருந்துவிட்டு வந்திருக்கலாம். அல்லது பஞ்சத்தில் கிளம்பியது தகப்பன், சுரங்கத்துக்கு வந்தது மகன் என்றிருக்கலாம். சொல்லிச் சொல்லி இரண்டு பயணம் ஒன்றாகிவிடுகிறது. ஏன் கிளம்பினோம் என்பதை வாய்மொழி காப்பாற்றி வைக்கும்; எப்போது என்பதை நழுவவிடும். ஆண்டைக் காகிதத்திடமும் காரணத்தைப் பாட்டியிடமும் கேட்பது நல்லது. பாட்டியிடம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுரங்கத்தின் மேல்தள வேலைகளில் பெண்களும் இருந்தார்கள். ஆனால் பதிவேடுகள் ஆணின் பெயரில்தான் குடும்பத்தைப் பார்க்கின்றன. தாய்வழி இரண்டு தலைமுறைக்கு மேல் பெண் பெயர் தெரிந்த குடும்பம் நம்மிடையே அபூர்வம். (மரபணுச் சோதனையைப் பற்றி யாரேனும் கேட்பீர்கள். எச்சில் அனுப்பினால் தூரத்து உறவு ஒருவர் இன்ன நாட்டில் இருக்கிறார் என்று சொல்லும், அவரும் அனுப்பியிருந்தால். எந்த ஊர், எந்த மேஸ்திரி என்று அது சொல்லாது.)

எல்லாவற்றிலும் கனமான மறுப்புக்கு இப்போது வருகிறேன். சாதிக் கொடுமையிலிருந்து விலகத்தான் அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். சுரங்கத்துக்குள் இருட்டும் சாவும் இருந்தாலும், தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடிந்தது, பிள்ளைகளைப் படிக்க வைக்க முடிந்தது, சங்கம் வைக்க முடிந்தது, 1946 நவம்பர் 4-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் விழுந்த பின்னும் அந்தச் சங்கத்தை விடாமல் நடத்த முடிந்தது. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை மறுபடி அந்தச் சேரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது எதற்கு? வம்சாவளி ஆராய்ச்சி நம் நாட்டில் சாதிப் பெருமைக்கே பயன்பட்டு வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. சாதிச் சங்க மாநாட்டு மலர்களைப் புரட்டினால் போதும். இந்த மறுப்பில் ஒரு பாதியை ஏற்கிறேன். தன் குடும்ப வரலாற்றை எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கே உண்டு. தங்கவயல் லைனிலிருந்து தொடங்குகிறோம், அதற்கு முன்னால் போக விரும்பவில்லை என்று ஒரு குடும்பம் சொன்னால் அது முழுமையான வரலாறுதான். மறு பாதியை ஏற்க முடியவில்லை. யார் போனார்கள், எந்த ஆண்டில், எந்த மேஸ்திரியோடு, என்ன முன்பணத்துக்கு என்பது தெரியாமல் போனால், கிராமத்திலிருந்து வெளியேறியதே ஒரு முடிவு, ஒரு துணிவு என்பதும் தெரியாமல் போகும். வறுமை தள்ளியது, அலைந்தார்கள் என்ற இரக்கக் கதை மட்டும் மிஞ்சும். வேலை வழியாகத் தேடும் முறை பிறப்பை அளப்பதில்லை, மனிதர் எடுத்த முடிவுகளை எண்ணுகிறது. சாதி மலர்களுக்கு அது அவ்வளவாகப் பயன்படாது என்பதே அதன் நன்மைகளில் ஒன்று.

இதை நான் கீழ்க்கட்டளையில் நின்று சொல்வதற்குக் காரணம், நம்மைச் சுற்றியும் இதே நிலைதான். ஒரு தோல் தொழிற்சாலையின் பெயரை ஊர்ப் பெயராகவே தாங்கி நிற்கிறது குரோம்பேட்டை. பல்லாவரத்தின் தோல் பதனிடும் கூடங்கள், திரிசூலம் மலையைக் குடைந்த கல்குவாரிகள், 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்சார ரயிலின் தொழிலாளர்கள், 1984-க்குப் பின் தாம்பரம் ஏற்றுமதி வளாகத்துக்கு வந்த பெண்கள் என்று இந்தப் புறநகர் முழுக்க வேலைக்காக வந்தவர்களின் குடியிருப்பு. ஓர் ஆலை மூடும்போது இயந்திரத்தை ஏலம் விடுகிறார்கள், நிலத்தை விற்கிறார்கள், சம்பளப் பேரேட்டை எடைக்குப் போடுகிறார்கள். நூறாண்டு ஆளெடுத்த நிறுவனத்தின் தொழிலாளர் பதிவேடு அந்த நிறுவனத்தின் சொத்து மட்டுமில்லை. தங்கவயலின் பதிவேடுகளைக் கர்நாடக அரசின் ஆவணக் காப்பகமோ தேசிய ஆவணக் காப்பகமோ பொறுப்பேற்று, பட்டியலிட்டு, உயிரோடிருப்பவரின் அந்தரங்கம் கெடாதபடி காலவரம்பு வைத்துத் திறக்க வேண்டும். இங்குள்ள மூடிய ஆலைகளின் காகிதங்களைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் கேட்டு வாங்க வேண்டும். பிரிட்டனில் குடிக்கணக்குத் தாள்களை நூறாண்டு மூடிவைத்துத் திறக்கும் ஏற்பாடு உண்டு. அப்படியொரு வரம்பு நமக்கும் போதுமானது.

அரசு செய்யும்வரை காத்திராமல் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர் யாரேனும் ஆலையிலோ சுரங்கத்திலோ குவாரியிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்திருந்தால், அவருடைய சர்வீஸ் புத்தகம், பி.எஃப். சீட்டு, அடையாள அட்டை, சங்கச் சந்தா ரசீது, பழைய கல்யாணப் பத்திரிகை எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு, எந்த ஊர், கூட்டி வந்த மேஸ்திரி அல்லது சிபாரிசு செய்த ஆள் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர் உயிரோடிருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். அவருடைய அம்மாவின் பெயரை முதலில் கேளுங்கள்.